நஞ்சையில் நாலு பெட்ரூம்

ஆகஸ்டில் மகளை ஆஸ்டினில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வீடு திரும்பிய இரவு, படுக்கப் போகும் முன் விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தேன். பதினொரு சுவிட்ச். இத்தனை வருடமாக அதே பதினொன்றைத்தான் அணைத்திருக்கிறேன், ஆனால் அன்றைக்குத்தான் எண்ணத் தோன்றியது. மாடியில் ஒரு ஏசி, கீழே ஒரு ஏசி, இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டில் இருந்தது நானும் மனைவியும் மட்டும்.

அமெரிக்காவின் டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டி என்ற ஊரை ஒட்டிய புறநகரில் இருக்கிறோம். வீடு 3,400 சதுர அடி. ஊர்க் கணக்கில் சொன்னால் ஒன்றரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாக வீடு, மூன்றே கால் கிரவுண்டில் மனை. நாலு பெட்ரூம், ஒரு கேம் ரூம், ஒரு மீடியா ரூம், அப்புறம் வாசலில் நுழைந்ததும் 'ஃபார்மல் டைனிங்' என்று ஒன்று. அந்த அறையில் பதின்மூன்று வருடத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நவராத்திரிக்குக் கொலு, மற்ற நாளில் இஸ்திரி போட வேண்டிய துணி. மீடியா ரூமில் ஒரு டிரெட்மில் இருக்கிறது. அதன்மேலும் துணிதான்.

இவ்வளவு பெரிய வீடு எதற்கு வாங்கினாய் என்று கேட்டால், 2012-ல் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: அப்பா அம்மா வந்து தங்க வேண்டும். கீழ்த்தளத்தில் தனி பாத்ரூமோடு ஓர் அறை அவர்களுக்காகவே. அவர்கள் இரண்டு முறை வந்தார்கள், ஆறாறு மாதம். ஆக பதின்மூன்று வருடத்தில் ஒரு வருடம். பதில் முழுக்கப் பொய் இல்லை. ஆனால் அதே விலைக்கு ஊருக்குள்ளே இதில் பாதி அளவு வீடுதான் கிடைத்தது என்பதும், நண்பர்கள் எல்லோரும் இங்கேதான் வாங்கினார்கள் என்பதும், மாடிப்படி வளைந்து ஏறுவதைப் பார்த்து நான் மயங்கிவிட்டேன் என்பதும்தான் மீதி உண்மை. நான் மட்டும் இல்லை. 1973-ல் அமெரிக்காவில் புதிதாகக் கட்டிய வீட்டின் சராசரி அளவு 1,660 சதுர அடி. 2015-ல் அது 2,700-ஐத் தொடப் பார்த்தது. நடுவில் குடும்பங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுராந்தகம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. ஏரிப் பாசனம். அவர் முதல் தடவை வந்தது 2016 தொடக்கத்தில். வந்த வாரமே அவரைப் பழைய கேட்டி ஊருக்குக் கூட்டிப் போனேன். அங்கே உயரமாக, தகரம் போர்த்திய கட்டடங்கள் நிற்கின்றன. நெல் உலர்த்திச் சேமித்துவைத்த இடங்கள். அந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் புல்வெளி, பிறகு நெல் வயல். நெல் திருவிழாகூட நடத்தியிருக்கிறார்கள். அப்பா அந்தத் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தார். களிமண்.

"அப்ப நம்ம வீடு இருக்கறது நஞ்சையிலயா?"

"ஆமாம்பா, அந்தக் காலத்துல."

"நஞ்சைன்னா தண்ணி நிக்கிற நிலம்டா."

சரி என்று சிரித்துவைத்தேன். ஏப்ரலில் ஒரு பெருமழை பெய்தது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய பூங்கா இருக்கிறது, ஜார்ஜ் புஷ் பார்க். கால்பந்து மைதானம், சைக்கிள் பாதை எல்லாம் உண்டு. அப்பா தினமும் காரில் இறக்கிவிடச் சொல்லி நடக்கப் போன இடம். மழைக்குப் பிறகு பார்த்தால் பூங்கா இல்லை, கடல். பூங்காவின் கிழக்கே ஒரு நீண்ட மண்கரை ஓடுவதை நானும் நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், என்னவென்று கேட்டதில்லை. அப்பா கேட்டார். பார்க்கர் நீர்த்தேக்கத்தின் கரை என்று படித்துச் சொன்னேன். 1929-லும் 1935-லும் ஹூஸ்டன் நகரம் வெள்ளத்தில் மூழ்கியதால், ராணுவப் பொறியாளர்கள் 1940-களில் கட்டியவை பார்க்கர், ஆடிக்ஸ் என்ற இரண்டு தேக்கங்கள். மழை இல்லாத நாளில் காய்ந்து கிடக்கும், மழை வந்தால் பிடித்துவைத்து மெதுவாக விடும்.

அப்பா கரையைப் பார்த்தார், திரும்பி எங்கள் வீடுகள் இருக்கும் பக்கம் பார்த்தார். "என்னாடா இது, ஏரி உள்வாயில வீடு கட்டிவச்சிருக்கானுங்க" என்றார். அப்புறம், "இங்க ஏரி காத்த ராமர் யாராவது இருக்காரா?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார். மதுராந்தகத்துக்காரர்களுக்கு அந்த ஜோக் புரியும். பெருமழையில் உடையப் போன கரையை ராமரும் லட்சுமணரும் வில்லோடு வந்து நின்று காத்தார்கள், கலெக்டர் துரையே கண்ணால் பார்த்தார் என்பது எங்கள் ஊர்க் கதை.

அடுத்த வருடம் ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தது. நாலு நாள் விடாமல் மழை. ராமர் வரவில்லை. தேக்கத்துக்காக அரசு வாங்கியிருந்த நிலம் கடல் மட்டத்திலிருந்து 95 அடி உயரம் வரைதான். கரை அதற்கு மேலேயும் தண்ணீரைப் பிடிக்கும். நடுவில் இருந்த நிலம் தனியாருடையது, அதில் குடியிருப்புகள். தண்ணீர் 101 அடியைத் தாண்டியது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் புகுந்து நாள் கணக்கில் நின்றது. அப்பா ஊரிலிருந்து மணிக்கு ஒரு முறை போன் செய்தார். "மதகு திறந்தானா? கலங்கல் எந்தப் பக்கம்?" 28-ஆம் தேதி திறந்தார்கள். திறந்ததும் கரைக்குக் கீழே, பஃபலோ பாயூ என்ற ஓடை ஓரமாக இருந்த வீடுகள் மூழ்கின.

எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. தெருமுனைக் குப்பைத்தொட்டி வரைக்கும் வந்து நின்றது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பர் குடும்பத்தைப் படகில் கூட்டி வந்தார்கள். அவர்கள் எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கினார்கள். அந்த மூன்று வாரம்தான் வீட்டின் எல்லா அறையிலும் ஆள் இருந்த காலம். நண்பர் பிறகு தன் குடியிருப்பின் மனை வரைபடத்தைத் தேடி எடுத்தார். ஓரத்தில் ஒரு வரி இருந்தது: இந்த இடம் பார்க்கர் தேக்கத்தை ஒட்டியது, கட்டுப்பாட்டோடு நீண்ட நாள் நீர் தேங்க வைக்கப்படலாம் என்ற பொருளில். அவர் வீடு வாங்கியபோது அந்தத் தாளை யாரும் காட்டவில்லை. 2019 டிசம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், தேக்கத்தின் உள்பக்கம் மூழ்கியதற்கு அரசுதான் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் குடியிருப்பின் வரைபடத்தை நான் தேடிப் பார்க்கவில்லை. ரொம்ப நாள் பயமாக இருந்தது.

இதைச் சொன்னால் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அமெரிக்காவில் இதற்கெல்லாம் சட்டம் கிடையாதா? ஹூஸ்டனுக்கு ஒரு பேர் உண்டு, நிலப் பயன்பாட்டு மண்டலங்கள் இல்லாத பெருநகரம் என்று. இங்கே வீடு, அங்கே கடை, அதற்கப்பால் தொழிற்சாலை என்று கோடு போட்டுப் பிரிக்கும் 'ஜோனிங்' சட்டம் இங்கே இல்லை. 1948, 1962, 1993 என்று மூன்று முறை மக்களிடம் வாக்கெடுப்புக்கு விட்டார்கள், மூன்று முறையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். நகர எல்லையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தால் இன்னும் விசேஷம். டெக்சாஸில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வாகங்களுக்கு அப்படிக் கோடு போடும் அதிகாரமே பெரும்பாலும் கிடையாது. வயலை வாங்கியவர், வரைபடம் போட்டு, ரோடு போட்டு விற்க வேண்டியதுதான்.

தண்ணீர்க் குழாய், சாக்கடைக்குப் பணம்? அதற்குத்தான் 'மட்' என்று நாங்கள் சொல்லும், தண்ணீர், சாக்கடைக்கென்றே அமைக்கும் தனி உள்ளாட்சி அமைப்பு. இது நடக்கும் விதத்தை முதலில் கேட்டபோது நம்பவில்லை. வெறும் வயலில் ஒரு டிரெய்லர் வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, அதில் இரண்டு மூன்று பேரைக் குடிவைத்து, அவர்களை வாக்காளராக்கி, பல கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போட வைப்பார்கள். பிறகு வீடு வாங்கி வருகிறவர்கள் அந்தக் கடனைச் சொத்து வரியோடு சேர்த்து வருடா வருடம் கட்டுவார்கள். மாநில வருமான வரி இல்லாத ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்த எனக்கு முதல் சொத்து வரி ரசீது வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

சட்டம் இல்லை என்றால் சுதந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2014-ல் வீட்டு முன்பக்கம் ஒரு முருங்கைக்கொம்பு நட்டேன். ஹூஸ்டன் வெயிலுக்கு அது மூன்றே மாதத்தில் கூரையைத் தொட்டது. குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, போட்டோவோடு. அனுமதித்த மரங்களின் பட்டியலில் இது இல்லை, முப்பது நாளில் எடுக்கவும். வேலியின் நிறம், கூரை ஓட்டின் நிறம், குப்பைத்தொட்டி தெருவுக்குத் தெரியும் நேரம், புல்லின் உயரம் எல்லாவற்றுக்கும் பத்திரத்தோடு சேர்ந்த விதிகள் உண்டு. வாங்கும்போதே கையெழுத்துப் போட்டுவிட்டோம். தேக்கத்துக்குள் குடியிருப்பு கட்டலாம், முன்வாசலில் முருங்கை கூடாது. கொம்பைப் பின்பக்கம் மாற்றி நட்டேன். 2021 பிப்ரவரிப் பனியில் அது செத்தது. அந்த வாரம் கரண்டும் இல்லை. 3,400 சதுர அடியில் நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில், இருக்கிற போர்வை எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு கிடந்தோம்.

அப்பா அம்மா இங்கே ஏன் மூன்றாவது முறை வரவில்லை என்பதற்கும் இதே ஊர் அமைப்புதான் காரணம். அம்மாவுக்கு வீடு பிடித்தது, அறைகளைச் சுற்றிக் காட்டச் சொல்லி ஊரில் உள்ளவர்களுக்கு வீடியோவில் காட்டினார். பத்து நாள்தான். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் ஆள் யாராவது போகிறார்களா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் வாசலிலிருந்து ஒரு பால் பாக்கெட் வாங்கப் போகிற தூரம் நாலு கிலோமீட்டர். நடுவில் ஆறு வழிச் சாலை ஒன்று, பாதி தூரத்துக்கு நடைபாதை கிடையாது. அப்பா ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நடந்து கிளம்பிவிட்டார். போலீஸ் கார் ஒன்று நிறுத்தி, உடம்பு சரியில்லையா, வழி தவறிவிட்டீர்களா என்று பரிவாக விசாரித்து வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனது. தெருவில் நடப்பவரைப் பார்த்தால் ஏதோ ஆபத்து என்று நினைக்கும் ஊர். அப்பாவுக்கு அது பெரிய அவமானம். "நடந்தா புடிச்சிக்கிட்டுப் போறாங்கடா" என்று இன்றைக்கும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கேட்டி என்ற பெயரே ஒரு ரயிலின் செல்லப்பெயரிலிருந்து வந்தது என்பார்கள். மிசூரி-கேன்சஸ்-டெக்சாஸ் ரயில்பாதையை ஜனங்கள் 'கேட்டி' என்று கூப்பிட்டார்கள், ஸ்டேஷன் இருந்த ஊரும் கேட்டி ஆனது. அந்தத் தண்டவாளம் நேராக ஹூஸ்டன் நகரத்துக்குள் போனது. இப்போது இல்லை. பிடுங்கிவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்து ஐ-10 நெடுஞ்சாலையை அகலப்படுத்தினார்கள். 2008-ல் வேலை முடிந்தது, 280 கோடி டாலர் செலவு. கட்டண வழி, பக்கச் சாலை எல்லாம் சேர்த்து எண்ணினால், அகலமான இடத்தில் 26 வழி. நான் வீடு வாங்கியபோது ஏஜென்ட் அதைத்தான் காட்டினார்: "இனி இந்த ரோட்டில் நெரிசலே வராது." ரோடு அகலமானதால் தூரத்து வயல்களுக்கெல்லாம் விலை வந்தது, வீடு வந்தது, வீட்டுக்கு மூன்று கார் வந்தது. நானும் அதில் ஒருவன். நான்கைந்து வருடத்தில் பழையபடி ஊர்ந்தோம். எங்களுக்கும் மேற்கே, கிராண்ட் பார்க்வே என்ற மூன்றாவது வட்டச் சாலையைத் தாண்டியும் இப்போது வயலில் கொடி நட்டிருக்கிறார்கள், 'புதிய வீடுகள்' என்று.

என் அலுவலகம் நகர மையத்தில். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதல் மூன்று வருடம் காரில் போனேன். பிறகு ஒரு சக ஊழியர் பஸ்ஸைக் காட்டினார். வெட்கமாக இருக்கிறது, அதுவரை கேட்டியிலிருந்து பஸ் ஓடுவதே தெரியாது. பார்க் அண்ட் ரைடு: காரில் பன்னிரண்டு நிமிடம் போய் பிரம்மாண்டமான பார்க்கிங்கில் விட்டுவிட்டு ஏற வேண்டும். பஸ் நெடுஞ்சாலையின் நடுவில் உள்ள கட்டண வழியில் போகும். இரண்டு பக்கமும் கார்கள் நின்றுகொண்டிருக்க நாங்கள் பறப்போம். அந்த சுகத்தை அனுபவித்தால்தான் தெரியும். குஷன் சீட், ஆளுக்கொரு விளக்கு, பாதிப் பேர் தூக்கம். தினமும் என் பக்கத்தில் உட்காரும் பெரியவர் ஒருவர் ஏழு வருடத்தில் என்னிடம் பேசியது நாலு வார்த்தை, அதில் இரண்டு 'குட் மார்னிங்'.

ஆனால் அது காலையில் எட்டு மணி ஆபீசுக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்புகிறவனுக்கான பஸ். நடுப்பகலில் கிட்டத்தட்ட இல்லை. மகள் ஆறாவது படித்தபோது பள்ளியிலிருந்து காய்ச்சல் என்று பதினொரு மணிக்குப் போன் வந்தது. மனைவிக்கு ஆஸ்பத்திரி டியூட்டி, கிளம்ப முடியாது. டாக்ஸி பிடித்துப் போனேன். கொடுத்த காசில் ஒரு வாரத்துக்கு மேல் பஸ்ஸில் போய் வந்திருக்கலாம்.

மனைவியின் வேலை டெக்சாஸ் மெடிக்கல் சென்டரில். இந்த ஊரில் ரயில் உருப்படியாக ஓடும் இடம் அதுதான். 1983-ல் ஒரு ரயில் திட்டத்தை வாக்கெடுப்பில் தோற்கடித்து, இருபது வருடம் சண்டை போட்டு, கடைசியில் 2004 ஜனவரி 1-ஆம் தேதி ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு டிராம் ரயில் விட்டார்கள். நகர மையம், மியூசியம், மெடிக்கல் சென்டர் என்று ஒரே கோடு. அடுத்த மாதம் இங்கே சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டம் நடந்ததால் அவசரம் என்பார்கள். 2013-ல் அதை வடக்கே நீட்டினார்கள். மனைவிக்கு அந்த ரயிலை ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து பார்த்துத்தான் பழக்கம். தினமும் போக வர இரண்டரை மணி நேரம் கார் ஓட்டுகிறவர். போன மாதம் சாப்பிடும்போது, "ஏங்க, அந்த ரயில் போற வழியில ஒரு வீடு பார்த்தா என்ன?" என்றார். நான் மறுக்கக் காரணம் தேடினேன், அகப்படவில்லை.

பார்த்தோம். நகர மையத்துக்கு வடக்கே, நியர் நார்த்சைடு. சட்டம் இல்லாத ஊரிலும் ஒரு மனை குறைந்தது 5,000 சதுர அடி இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. 1998-ல் உள்வட்டச் சாலைக்குள் அதை 1,400 வரை குறைக்கலாம் என்றார்கள், 2013-ல் நகரம் முழுக்க. அரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு பழைய மரவீட்டை இடித்து அதே மனையில் ஒல்லியாக மூன்று வீடு நிறுத்துகிறார்கள். நாங்கள் பார்த்ததும் அப்படித்தான். கீழே கார் நிறுத்துமிடமும் ஒரு சின்ன அறையும், நடுவில் சமையலறை, மேலே படுக்கை. 1,700 சதுர அடி. ஒரு பக்கம் டயர் ஒட்டுகிற கடை, எதிரில் ஒரு சர்ச், முனையில் டாக்கோ வண்டி. ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தோம், ஒன்பது நிமிடம். விலை எங்கள் வீட்டு விலைக்கு அவ்வளவாகக் குறையவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. அந்தத் தெருவில் ஐம்பது அறுபது வருடமாக மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் எங்களைப் போன்றவர்கள் வந்து விலையை ஏற்றுகிறோம். இன்னொரு பக்கம் ஐ-45 நெடுஞ்சாலையை மறுபடி அகலப்படுத்த, வழிநெடுக ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எடுக்கிறார்கள். எங்களைப் போலவே புறநகரில், வடக்கே உட்லாண்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் சீக்கிரம் வீடு போய்ச் சேரவேண்டும் அல்லவா.

மனைவி படிகளை எண்ணினார். முப்பத்திரண்டு. "முட்டி தாங்குமா?" என்று அவரே கேட்டுக்கொண்டார். கொலு எங்கே வைப்பது என்று கேட்டேன். படியிலேயே வைத்துவிடலாம், முப்பத்திரண்டு படிக் கொலு ஊரில் யார் வீட்டில் உண்டு என்றார்.

அங்கிருந்தே அப்பாவுக்கு வீடியோ போட்டேன். கேமராவைத் தெரு முழுக்கத் திருப்பிக் காட்டினேன். டயர் கடையில் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "ஆள் நடமாட்டம் இருக்குதே" என்றார். டாக்கோ வண்டியைப் பார்த்துவிட்டு, "அது டீக்கடையா?" டீ இல்லை, காபி இருக்கும் என்றேன். கீழ் அறையைக் காட்டினேன், படி ஏற வேண்டாம் என்று சொன்னேன். அதைக் கேட்காத மாதிரி, "மழைத்தண்ணி எந்தப் பக்கம் வழியும்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஏஜென்ட் போனில் வெள்ள வரைபடத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி லிட்டில் ஒயிட் ஓக் பாயூ என்ற ஓடை ஓடுகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"தாளைப் பாக்காத. மழை பெய்யறப்ப போய் நின்னு பாரு. வெயில்ல எல்லா மனையும் மேடுதான்."

ஏஜென்ட் இன்னொரு குடும்பமும் கேட்கிறது என்று இரண்டு முறை அழைத்துவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் பலத்த மழை என்று போட்டிருக்கிறான். மனைவிக்கு டியூட்டி ஐந்து மணிக்கு முடியும், நான் அலுவலகத்திலிருந்து ரயிலில் போய்விடுகிறேன். பெரிய குடை கேட்டி வீட்டு கேரேஜில் எங்கோ இருக்கிறது, அதைத்தான் நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.